பாட்டிலுக்குள் என்ன இருக்கிறது? மது வகைகளைப் புரிந்துகொள்ள ஒரு வழிகாட்டி

பீர், ஒயின், விஸ்கி, பிராந்தி, ரம், ஜின், கள், சாராயம் என்று பெயர்கள் ஏராளம். ஹோட்டல் மேனேஜ்மென்ட் படிக்கும் மாணவராக இருந்தாலும் சரி, வெளிநாட்டு மாமா கொண்டுவந்த பாட்டிலைக் கையில் வைத்துக்கொண்டு முழிப்பவராக இருந்தாலும் சரி, புதிதாக வருகிறவர் முதலில் இந்தப் பெயர்களை மனப்பாடம் செய்யத்தான் பார்ப்பார். அது தேவையில்லை. எந்த மதுவானாலும் மூன்று கேள்விகள் கேட்டால் போதும். சர்க்கரை எதிலிருந்து வந்தது? நொதித்ததோடு விட்டார்களா, காய்ச்சி வடித்தார்களா? வடித்த பிறகு அதை என்ன செய்தார்கள்? இந்த மூன்றுக்கும் விடை தெரிந்தால் லேபிளில் இருக்கும் குதிரை, கோட்டை, மன்னர் படமெல்லாம் உங்களை ஏமாற்ற முடியாது.

குடிக்கக் கற்றுக்கொடுப்பது இந்தக் கட்டுரையின் வேலை இல்லை. தமிழ்நாட்டில் 21 வயது நிரம்பாதவருக்கு மது விற்கக்கூடாது, வீட்டில் காய்ச்சுவதும் குற்றம். எப்படிச் செய்கிறார்கள் என்று தெரிந்துகொள்ள எந்தத் தடையும் இல்லை.

படி 1: சர்க்கரையைக் கண்டுபிடியுங்கள்

போதை தருவது எத்தனால். அதை உண்டாக்குவது ஈஸ்ட் என்ற கண்ணுக்குத் தெரியாத பூஞ்சை. ஈஸ்ட் சர்க்கரையைத் தின்று எத்தனாலையும் கரியமில வாயுவையும் வெளியே விடுகிறது. மனிதர்கள் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக மது செய்துவந்தாலும், இது உயிருள்ள ஒன்றின் வேலை என்பதை 19ஆம் நூற்றாண்டில் லூயி பாஸ்டர்தான் சோதனைகளால் உறுதிப்படுத்தினார்.

ஈஸ்ட்டுக்கு இனிப்பு வேண்டும். திராட்சை, கரும்புச்சாறு, பனை, தென்னைப் பாளையிலிருந்து சொட்டும் சாறு, கோவாவின் முந்திரிப்பழம் ஆகியவற்றில் சர்க்கரை தயாராகவே இருக்கிறது. ஆலை இல்லா ஊருக்கு இலுப்பைப் பூ சர்க்கரை என்பார்களே, அந்த இலுப்பைப் பூவிலும் அப்படித்தான். மத்திய இந்தியப் பழங்குடி மக்கள் வடிக்கும் மஹுவா அந்தப் பூவிலிருந்து வருவதுதான். இவற்றை நசுக்கியோ ஊறவைத்தோ விட்டால் போதும், மீதியை ஈஸ்ட் பார்த்துக்கொள்ளும்.

பார்லி, அரிசி, மக்காச்சோளம், கோதுமை, உருளைக்கிழங்கு கதை வேறு. இவற்றில் இருப்பது மாவுச்சத்து. ஈஸ்ட்டால் அதைத் தின்ன முடியாது. யாராவது அதைச் சர்க்கரையாக உடைத்துத் தரவேண்டும். ஐரோப்பியர்கள் கண்ட வழி முளைகட்டுவது. பார்லியை இரண்டு நாள் அளவுக்கு ஊறவைத்து, நான்கைந்து நாள் முளைக்கவிட்டு, சூடான காற்றில் உலர்த்தினால் அது மால்ட். முளைக்கும்போது தானியம் தனக்குத் தானே உண்டாக்கிக்கொள்ளும் நொதிகள்தான் பிறகு மாவைச் சர்க்கரையாக்குகின்றன. வீட்டில் ராகியை முளைகட்டிக் கஞ்சி மாவு அரைப்பவர்களுக்கு அந்த மாவு ஏன் லேசாக இனிக்கிறது என்று இப்போது புரிந்திருக்கும்.

ஆசியாவில் வேறு வழி பிடித்தார்கள். ஜப்பானியர் வேகவைத்த அரிசியின் மேல் கோஜி என்ற பூஞ்சையை வளர்க்கிறார்கள். பூஞ்சை மாவை உடைக்க, அதே தொட்டியில் ஈஸ்ட் சர்க்கரையைத் தின்கிறது. இரண்டு வேலையும் ஒரே நேரத்தில் நடப்பதால்தான் சாகே என்ற அவர்களின் அரிசி மது வடிக்காமலேயே 18, 20 சதவீதம் வரை போகிறது. பெரும்பாலும் தண்ணீர் சேர்த்து 15, 16க்குக் கொண்டுவந்துதான் பாட்டிலில் அடைப்பார்கள். ஜார்க்கண்ட், ஒடிசாவின் ஹண்டியாவும் இதே குடும்பம். அங்கே ராணு என்ற மூலிகை உருண்டைதான் கோஜியின் வேலையைச் செய்கிறது.

படி 2: நொதித்ததோடு நிற்கும் வகைகள்

சர்க்கரை தீர்ந்தால் ஈஸ்ட் ஓயும். தீராவிட்டாலும் எத்தனால் ஏற ஏற அதற்குள்ளேயே மாட்டிக்கொண்டு செத்துப்போகும். சாதாரணமாக 14, 15 சதவீதம்தான் எல்லை. இதைத் தாண்டிய எண்ணை லேபிளில் பார்த்தால், பெரும்பாலும் எங்கோ வடித்தல் நடந்திருக்கிறது என்று பொருள். போர்ட் ஒயின் நல்ல உதாரணம். போர்ச்சுகலின் டோரோ பள்ளத்தாக்கில் திராட்சைச் சாறு பாதி நொதிக்கும்போதே 77 சதவீதத் திராட்சைச் சாராயத்தை ஊற்றி ஈஸ்ட்டைக் கொன்றுவிடுகிறார்கள். இனிப்பு மிச்சம் நிற்கும், போதையும் 20 சதவீதத்தை ஒட்டி இருக்கும்.

கள்ளில் இருந்து தொடங்குவோம், ஏனென்றால் அதைவிட எளிமையான மது கிடையாது. பாளையை நாளுக்கு இருமுறை சீவி, கீழே கலயத்தைக் கட்டுகிறார்கள். சொட்டும் சாற்றில் ஈஸ்ட் தானாக வந்து சேர்கிறது. ஆகவே மரத்திலிருந்து இறக்கும்போதே நொதித்தல் பாதி நடந்திருக்கும். காலையில் இனிப்பாக இருப்பது மாலையில் புளித்து ஏறும். ஓரிரு நாள் விட்டால் அசிட்டிக் பாக்டீரியா புகுந்து காடியாகிவிடும். போதை நான்கைந்து சதவீதம், சுமார் பீர் அளவு. கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவிவிட்டால் நொதித்தல் நடக்காது, அதுதான் பதநீர். ஒரே மரம், ஒரே பாளை, சுண்ணாம்பு மட்டும்தான் வித்தியாசம். தமிழ்நாட்டில் 1987 தொடக்கத்திலிருந்து கள்ளுக்குத் தடை. எல்லை தாண்டிக் கேரளத்துக்குப் போனால் அரசு உரிமத்தோடு கள்ளுக்கடை. 42.8 சதவீதச் சரக்கை அரசே விற்கும் மாநிலத்தில் ஐந்து சதவீதக் கள் குற்றமாக இருப்பது விவசாயிகள் இன்றும் எழுப்பும் கேள்வி. கலப்படத்தைக் கட்டுப்படுத்த முடியாது என்பது எதிர்த்தரப்பின் வாதம். எனக்கு விவசாயிகள் பக்கம்தான் நியாயம் தெரிகிறது.

பீர் என்றால் மால்ட், ஹாப்ஸ், தண்ணீர், ஈஸ்ட். அரைத்த மால்ட்டை 65 டிகிரி செல்சியஸ் அளவு வெந்நீரில் ஊறவைத்தால் இனிப்பான கஷாயம் கிடைக்கும். அதில் ஹாப்ஸ் என்ற கொடியின் பூவைப் போட்டு ஒரு மணி நேரம் கொதிக்கவைப்பார்கள். பீரின் கசப்பு அதிலிருந்துதான் வருகிறது, கெடாமல் காப்பதும் அதுவே. ஆறவைத்து ஈஸ்ட் போட்டால் ஒன்றிரண்டு வாரத்தில் பீர். அறை வெப்பத்தை ஒட்டி வேகமாக நொதிக்கவிட்டால் ஏல். பத்து டிகிரி அளவுக் குளிரில் மெதுவாக நொதிக்கவிட்டு, மேலும் சில வாரம் குளிரிலேயே வைத்திருந்தால் லாகர். இந்தியக் கடைகளில் கிடைப்பது பெரும்பாலும் லாகர்தான். அந்தப் பொன்னிற வகை 1842இல் செக் நாட்டின் பில்சன் நகரில் பிறந்தது. ஜெர்மனியின் பவேரியாவில் 1516இல் போட்ட சட்டம் பார்லி, ஹாப்ஸ், தண்ணீர் தவிர எதையும் பீரில் சேர்க்கக்கூடாது என்றது. அப்போது ஈஸ்ட் என்று ஒன்று இருப்பதே தெரியாது, அதனால் பட்டியலில் அது இல்லை. நம் ஊர் பீர்களில் அரிசியும் சர்க்கரையும் சேர்ப்பது சகஜம். அப்புறம் ஒரு பொதுவான தப்பெண்ணம்: கறுப்பாக இருந்தால் போதை அதிகம் என்று. ஸ்டவுட் கறுப்பாக இருப்பது வறுத்த பார்லியால். கின்னஸ் டிராஃப்ட் நான்கு சதவீதத்தைச் சற்றே தாண்டுகிறது. நம் ஊர் ‘ஸ்ட்ராங்’ பீர் மஞ்சளாகவே இருந்துகொண்டு எட்டு சதவீதம் வரை போகும்.

ஒயின் திராட்சையை நசுக்கி நொதிக்கவைப்பது, அவ்வளவுதான். தண்ணீர்கூடச் சேர்ப்பதில்லை. நிறம் தோலில் இருக்கிறது. கறுப்புத் திராட்சையைத் தோலோடு ஒன்றிரண்டு வாரம் நொதிக்கவிட்டால் சிவப்பு ஒயின். சில மணி நேரத்தில் தோலை நீக்கினால் ரோஸே. பிழிந்து சாற்றை மட்டும் நொதிக்கவிட்டால் வெள்ளை. ஷாம்பெயினில் நொதித்தல் இரண்டாம் முறை பாட்டிலுக்குள்ளேயே நடக்கிறது. வெளியேற வழியில்லாத கரியமில வாயுதான் மூடியைத் திறந்ததும் பொங்குவது. பிரான்சின் ஷாம்பெயின் பகுதியில் செய்தால் மட்டுமே அந்தப் பெயர். நாசிக்கில் செய்தால் ஸ்பார்க்ளிங் ஒயின்.

படி 3: வடித்தது எப்படி என்று பாருங்கள்

எத்தனால் 78 டிகிரியில் கொதிக்கும், தண்ணீர் 100இல். நொதித்த ஊறலைச் சூடாக்கினால் முதலில் கிளம்பும் ஆவியில் எத்தனால் அதிகம். அதைக் குளிரவைத்துப் பிடிப்பதுதான் வடித்தல். சித்த மருத்துவத்தில் தீநீர் இறக்கும் வாலையும் இதே தத்துவம்தான்.

இதில் இரண்டு வகைக் கருவிகள். ஒன்று செம்புப் பானை. ஒவ்வொரு ஈடாகக் காய்ச்சவேண்டும், பெரும்பாலும் இரண்டு தடவை. முதல் தடவை 20, 25 சதவீதம், இரண்டாம் தடவை 70ஐ ஒட்டி. மூலப்பொருளின் மணம் இதில் நிறையத் தங்கும். மால்ட் விஸ்கி, கோன்யாக் என்ற பிரெஞ்சு பிராந்தி, கோவாவின் ஃபெனி எல்லாம் பானை வழி. மற்றது உயரமான தூண் வடிகலம். இயேனியஸ் காஃபி என்ற அயர்லாந்துக்காரர் 1830இல் இதன் மேம்பட்ட வடிவத்துக்குக் காப்புரிமை பெற்றார். நிறுத்தாமல் ஓடும், மலிவு, 95 சதவீதத்துக்கு மேல் எடுக்கலாம். அவ்வளவு சுத்தமாக எடுத்தால் அது கரும்பா, மக்காச்சோளமா, உருளைக்கிழங்கா என்று நாக்கால் சொல்ல முடியாது. இந்த மணமற்ற சாராயத்துக்கு இந்தியத் தொழிலில் ஈஎன்ஏ (எக்ஸ்ட்ரா நியூட்ரல் ஆல்கஹால்) என்று பெயர். இந்தப் பெயரை நினைவில் வையுங்கள், அடுத்த படியில் திரும்ப வருகிறது.

கள்ளச்சாராயம் பற்றி இங்கேதான் சொல்லவேண்டும். சரியாக வடிக்காததால் விஷமாகிறது என்று பலர் நினைக்கிறார்கள். வெல்லம், அரிசி போன்றவற்றின் ஊறலில் மெத்தனால் மிக மிகக் குறைவாகவே உண்டாகும். கொத்துக்கொத்தாகச் சாவு நடக்கும் இடங்களில் தொழிற்சாலை மெத்தனாலைச் சாராயம் என்று விற்றிருப்பார்கள், அல்லது அதைக் கலந்திருப்பார்கள். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் 60க்கும் மேற்பட்டவர்கள் இறந்தது இப்படித்தான். உடல் மெத்தனாலை ஃபார்மிக் அமிலமாக மாற்றுகிறது. அது கண் நரம்பை முதலில் தாக்கும். நிறம், மணம், சுவை, தீயின் நிறம் எதை வைத்தும் வீட்டில் கண்டுபிடிக்க முடியாது. குடித்த சில மணி நேரம் கழித்து, சிலருக்கு மறுநாள்கூட, கண் மங்குதல், வயிற்றுவலி, மூச்சு வாங்குதல் வந்தால் தூங்கி எழுந்தால் சரியாகிவிடும் என்று இருக்காதீர்கள். 108க்கு அழையுங்கள், சாராயம் குடித்ததை மறைக்காமல் மருத்துவரிடம் சொல்லுங்கள். முறிமருந்து உண்டு, நேரம்தான் முக்கியம்.

படி 4: வடித்த பிறகு என்ன செய்தார்கள்?

பானையிலிருந்து வந்தாலும் தூணிலிருந்து வந்தாலும் சாராயம் தண்ணீர் நிறம்தான். பழுப்பு நிறம் பிறகு வருவது. ஒன்று மரப் பீப்பாயிலிருந்து, இல்லை கருக்கிய சர்க்கரையிலிருந்து.

ஸ்காட்ச் விஸ்கி ஸ்காட்லாந்திலேயே வடித்து, ஓக் பீப்பாயில் குறைந்தது மூன்று ஆண்டு இருக்கவேண்டும். 40 சதவீதத்துக்குக் கீழே போகக்கூடாது. அமெரிக்க போர்பனில் மக்காச்சோளம் 51 சதவீதமாவது வேண்டும், உட்புறம் கருக்கிய புதுப் பீப்பாயில்தான் வைக்கவேண்டும். அந்தக் கருகலின் வனிலா மணம்தான் போர்பனின் அடையாளம். பீப்பாய் கொஞ்சம் கொஞ்சமாக ஆவியாக விடுகிறது. ஸ்காட்லாந்தில் ஆண்டுக்கு இரண்டு சதவீதம் போனால் பெங்களூரு வெயிலில் பத்தைத் தாண்டும். ஆகவே இந்திய சிங்கிள் மால்ட் (ஒரே ஆலையில் வடித்த மால்ட் விஸ்கி) சீக்கிரம் முதிர்கிறது, 18 ஆண்டு வைத்திருந்தால் பீப்பாயில் பெரிதாக எதுவும் மிஞ்சாது. பெங்களூரின் அம்ருத் தன் சிங்கிள் மால்ட்டை 2004இல் முதலில் விற்கப்போனது கிளாஸ்கோவில். விஸ்கி ஊரிலேயே போய்க் கடை விரிக்கும் துணிச்சல்!

பிராந்தி ஒயினை வடித்தது. பிரான்சின் கோன்யாக் பகுதியில் செம்புப் பானையில் இருமுறை வடித்து ஓக்கில் வைப்பது கோன்யாக். லேபிளில் வி.எஸ். என்றால் இரண்டு ஆண்டு, வி.எஸ்.ஓ.பி. நான்கு, எக்ஸ்.ஓ. பத்து. இவை கலவையில் உள்ள மிக இளையதன் வயது.

இப்போது டாஸ்மாக் அலமாரிக்கு வருவோம். அங்கே பிராந்தி, விஸ்கி என்று இருப்பவற்றில் மலிவானவை பெரும்பாலும் ஈஎன்ஏதான். சர்க்கரை ஆலையில் மிஞ்சும் கரும்புப் பாகான மொலாசஸிலிருந்தோ தானியத்திலிருந்தோ தூணில் வடித்தது. அதில் தண்ணீர், சுவையூட்டி, கேரமல் நிறம், கொஞ்சம் மால்ட் விஸ்கியோ திராட்சைப் பிராந்தியோ சேர்த்தால் பெயர் வந்துவிடும். ஒரே தொட்டிச் சாராயம் ஒரு பாட்டிலில் பிராந்தி, இன்னொன்றில் விஸ்கி. ஐரோப்பிய ஒன்றியத்தில் தானியத்திலிருந்து வடித்து மூன்றாண்டு பீப்பாயில் வைத்தால் மட்டுமே விஸ்கி, எனவே மொலாசஸ் விஸ்கியை அங்கே அந்தப் பெயரில் விற்க முடியாது. ‘பிராந்தி உடம்புக்குச் சூடு, சளிக்கு நல்லது’ என்று சொல்லும் பெரியவர்கள் இதை ஒருமுறை படிக்கலாம். திராட்சை அதில் பெரும்பாலும் விருந்தாளிதான்.

இந்த வகையில் ரம் நேர்மையானது. ரம்மின் மூலப்பொருளே மொலாசஸ். கரீபியத் தீவுகளில் 17ஆம் நூற்றாண்டிலிருந்தே அப்படித்தான். மார்ட்டினிக் போன்ற இடங்களில் கரும்புச்சாற்றையே நேரடியாக நொதிக்கவைத்து வடிப்பார்கள். 1954இல் மோகன் மீக்கின் நிறுவனம் கொண்டுவந்த ஓல்டு மாங்க் மொலாசஸ் ரம்தான். விலைக்கு மீறிய மரியாதை அதற்கு உண்டு.

இலங்கைத் தென்னஞ்சாராயத்தை விட்டுவிட முடியாது. தீவின் மேற்குக் கரையில் மரத்துக்கு மரம் கயிறு கட்டி, அதன் மேலேயே நடந்து கள் இறக்குகிறார்கள். அந்தக் கள்ளைப் புளித்துக் காடியாவதற்குள் வடித்து, ஹல்மில்லா என்ற உள்ளூர் மரத்தால் செய்த பெரிய தொட்டிகளில் வைக்கிறார்கள். நல்ல தென்னஞ்சாராயம் விஸ்கிக்கும் ரம்முக்கும் நடுவே நிற்கும் ஒரு சுவை. ஆனால் மலிவான பாட்டில்களில் தென்னைச் சாராயத்தோடு மொலாசஸ் சாராயம் கலந்திருக்கும். லேபிளில் ‘தூய தென்னை’ என்று இருக்கிறதா என்று பார்ப்பது நல்லது.

மற்றவை சுருக்கமாக. வோட்கா என்றால் சுத்தமான ஈஎன்ஏ, தண்ணீர். ஜின் அதே சாராயத்தை ஜூனிபர் காய், கொத்தமல்லி விதை, ஆரஞ்சுத் தோல் ஆகியவற்றோடு மறுபடி வடித்தது. டெக்கீலா மெக்சிகோவின் நீலக் கற்றாழையின் (அகேவ்) அடித்தண்டை வேகவைத்துப் பிழிந்து நொதிக்கவைத்து வடிப்பது. செடி முதிரவே ஆறேழு ஆண்டு ஆகும். ஃபெனிக்குக் கோடையில் உதிரும் முந்திரிப்பழம். முதல் வடிப்பு உர்ராக், மீண்டும் வடித்தது ஃபெனி, 2009இல் புவிசார் குறியீடும் பெற்றது. லிக்கர் (liqueur) என்ற இனிப்பு மது வகைகளில் சர்க்கரை தாராளமாகக் கரைத்திருப்பார்கள்.

படி 5: லேபிளைக் கணக்காகப் படியுங்கள்

நம் ஊர் பாட்டிலில் 42.8 என்று ஒரு விசித்திர எண் இருக்கும். இது பழைய பிரிட்டிஷ் கணக்கின் மிச்சம். அதில் 100 ப்ரூஃப் என்றால் 57.1 சதவீதம். அதன் முக்கால் பங்கு, 75 ப்ரூஃப், 42.8. அமெரிக்கக் கணக்கு வேறு. அங்கே ப்ரூஃபைப் பாதியாக்கினால் சதவீதம், 80 என்றால் 40. இரண்டையும் குழப்பிக்கொள்ளாமல் சதவீதத்தை மட்டும் பாருங்கள்.

குடித்தது எவ்வளவு என்று அறிய ஒரு வாய்ப்பாடு. மில்லியைச் சதவீதத்தால் பெருக்கி நூறால் வகுத்து, மறுபடி 0.79ஆல் பெருக்கினால் எத்தனால் எத்தனை கிராம் என்று வரும். 42.8 சதவீதச் சரக்கு 30 மில்லியில், அதாவது ஒரு ஸ்மாலில், பத்து கிராம். ஒரு குவார்ட்டர், அதாவது 180 மில்லி, 61 கிராம். 650 மில்லி ஸ்ட்ராங் பீர் எட்டு சதவீதமானால் 41 கிராம். ‘நான் பீர் மட்டும்தான்’ என்று சொல்பவர் நான்கு ஸ்மால் குடித்துவிட்டுத்தான் பேசுகிறார். ஒயின் 150 மில்லி, 13 சதவீதமானால் 15 கிராம். பத்து கிராமைக் கரைக்கக் கல்லீரலுக்கு ஒரு மணி நேரம் அளவு ஆகும். மோரோ, எலுமிச்சையோ, குளித்தலோ அதை வேகப்படுத்தாது. உலக சுகாதார நிறுவனம் 2023இல் பாதுகாப்பான அளவு என்று எதுவும் இல்லை என்றே சொல்லிவிட்டது. சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமையின் முதல் வகைப் பட்டியலில், அதாவது புற்றுநோய் உண்டாக்குவது உறுதியானவற்றின் பட்டியலில், புகையிலையோடு மதுவும் இருக்கிறது.

வைத்திருப்பது

விஸ்கியோ ரம்மோ பாட்டிலுக்குள் முதிர்வதில்லை. பன்னிரண்டு ஆண்டு விஸ்கியைப் பீரோவில் பத்து ஆண்டு வைத்தாலும் அது பன்னிரண்டு ஆண்டு விஸ்கிதான். நிறுத்தி வையுங்கள், படுக்கவைத்தால் சாராயம் தக்கையை அரிக்கும். தக்கை போட்ட ஒயினை மட்டும் படுக்கவைக்கவேண்டும், தக்கை காயாமல் இருக்க. திறந்த ஒயின் ஃபிரிட்ஜில் மூன்று நான்கு நாள் தாங்கும். பீரில் வெயில் பட்டால் ஹாப்ஸ் கெட்டு நாற்றம் வரும், பழுப்புப் பாட்டிலில் அடைப்பது அதற்காகத்தான். பீர் வாங்கும்போது முதலில் பார்க்கவேண்டியது தயாரித்த தேதி. ஆறு மாதம் தாண்டியதாக இருந்தால் அலமாரியிலேயே விட்டுவிடுங்கள்.